மூன்று அளவுப் பிள்ளைக்கு ஒரு கேமரா

ஜெனிட்டாவின் பிள்ளை சில நாள் பிள்ளை அளவாகவும், சில நாள் பாசிப்பயறு அளவாகவும், சில நாள் உப்பு அம்பாரத்தைவிட உயரமாகவும் இருந்தது என்பதில் தூத்துக்குடி சங்குகுளித் தெருவில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகமெல்லாம் அதைப் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்குவது என்பதில்தான், அதில்தான் தெரு முதலில் இரண்டாகப் பிரிந்து, பிறகு மூன்றாகப் பிரிந்து, ஒரு தவக்காலம் முழுக்க மீன்கூட இல்லாத சோற்றைப் பிசைந்துகொண்டே பேசித் தீர்த்தது.

பிள்ளைக்கு அமலி என்று பேர். பிறந்த அன்றைக்குச் சேனை வைத்ததில் வந்த குளறுபடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்களுடைய வாகு பிள்ளைக்கு வரும், அதனால் ஒருவர்தான் வைக்க வேண்டும், அது ஊருக்கே தெரியும். ஜெனிட்டாவோ பதினான்கு வருஷம் கான்வென்டில் படித்தவள், பெரியவர்கள் எது கேட்டாலும் 'எஸ் சிஸ்டர்' என்று சொல்லியே பழகிய வாய். காலையில் புருஷன் வால்டரின் அக்கா ஸ்டெல்லா வந்து, "நான் வைக்கட்டுமா?" என்று கேட்டபோது சரி என்றாள், மத்தியானம் கலங்கரை விளக்கில் வேலை பார்த்து ஓய்ந்த வால்டரின் சித்தப்பா வந்து கேட்டபோது, ஏற்கெனவே வைத்தாயிற்று என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடுமே என்று சரி என்றாள், சாயங்காலம் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் அவளுடைய தாய்மாமன் கண்ணில் மாட்டிய லென்சைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றபோது அவருக்கும் சரி என்றாள். மூன்று பேருக்கும் தாங்க்ஸ் சொன்னாள். டாக்டர் இதையெல்லாம் எழுதிக்கொள்ளவில்லை. எடை மட்டும் எழுதிக்கொண்டார்.

நாற்பத்தோராம் நாள் காலையில் சேலைத் தொட்டில் கனமில்லாமல் நேராகத் தொங்கிற்று. கையை விட்டுத் துழாவினால், துணியின் அடி மடிப்பில், அமலி மல்லாக்கப் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள், பயறு அளவில், பத்து விரலும் பத்து விரலாக, அழுகை கொசு பறப்பது போல. ஜெனிட்டா நான்கு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம் அசையாமல் நின்றாள். அன்றைக்குப் பிடித்த பயம்தான், பிறகு விடவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வால்டர், வேலைக்குக் கிளம்பியவன், குனிந்து பார்த்துவிட்டு, "மூக்கு எங்கப்பா மூக்குதாம்ளா, இப்பந்தான் தெளிவாத் தெரியுது" என்றான். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் பிள்ளை பழையபடி பிள்ளை அளவுக்கு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையின் உள்ளங்கால் சுட்டது. பத்து மணிக்குக் கட்டிலை நிறைத்தது. பதினொரு மணிக்கு மீன் வண்டியில் ஏற்றி ஊருக்கு வடக்கே உப்பு விளைவிக்காமல் கிடந்த பழைய பாத்திக்குக் கொண்டுபோனார்கள். நண்பகலுக்கு அங்கே ஒரு குன்று உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தது.

ஊர் என்றால் ஊர் அப்படித்தான், ஒரு வாரம் வாயைப் பிளந்து பார்க்கும், இரண்டாம் வாரம் அதில் தனக்கு என்ன வேலை என்று கேட்டுக்கொண்டு கையைக் கொடுக்கும். பெரிய நாளுக்கு இடுப்புத் துணியாகப் பந்தல்காரர் கல்யாண வெள்ளைத் துணி பன்னிரண்டு உருப்படி தந்தார், சலவை மட்டும் உங்கள் பொறுப்பு என்று சொல்லி. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள், வெயிலைத் தவிர வேறு கூரை அறியாதவர்கள், பிள்ளையின் முழங்கால் நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சி குடித்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்த பேச்சித்தாய், "முப்பது வருசமா ஒரு கொட்டகை போடுங்கன்னு கேட்டோம், முதலாளி போடல, உம் பிள்ளை சம்மணம் போட்டு உக்காந்து போட்டுட்டா" என்றாள். பிள்ளை மூத்திரத்தில் பாத்தி நனைந்துவிட்டது என்று சண்டைக்கு வந்த பக்கத்துப் பாத்திக்காரர் மறுமாசம் உப்பு கல்கண்டு மாதிரி விளைந்ததும் வாயை மூடிக்கொண்டார். மினிபஸ் கண்டக்டர் அந்த இடத்துக்குப் 'பிள்ளை இறக்கம்' என்று விசில் கொடுத்தான். நாட்டுப்படகுக்காரர்கள் கரையைக் கணிக்கக் கோயில் கோபுரத்தோடு உச்சந்தலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். பங்குச் சாமியார் பூசை முடிவில் அறிவிப்பு வாசித்தார், மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்றுவரை ஒலிபெருக்கியைக் கடல் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், பிள்ளை தூங்குகிறது.

சின்ன நாள் தெருவுக்கே நோன்பு மாதிரி. ஜெனிட்டா காலையில் தெருமுனையில் ஒரு சிவப்பு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் செருப்புக் காலோடு உள்ளே வருவதில்லை. துடைப்பத்தைத் தொடுவதில்லை. பூனைகளைக் கட்டிப்போடுவார்கள். ஃபேன் காற்றில் பிள்ளை எங்காவது அடித்துக்கொண்டு போய்விடும் என்று பங்குனி வெயிலிலும் அத்தனை வீடும் ஃபேனை நிறுத்தி வைத்து, வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கும். போன் அதிர்ந்தால் பிள்ளைக்குப் பூமி அதிர்ந்த மாதிரி என்று போனை அணைத்துவிடுவார்கள். நடக்க வேண்டியவர்கள் புதுப்பெண் மாதிரிக் குனிந்த தலை நிமிராமல், ஒவ்வோர் அடிக்கும் தரையைப் பார்த்துப் பார்த்து நடப்பார்கள். இத்தனையும் ஜெனிட்டா கேட்டுச் செய்தது இல்லை, அவள் முகத்தைப் பார்த்துச் செய்தது.

நடுவில் வரும் சாதாரண நாட்களில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அமலி குப்புற விழுந்து, எச்சில் ஒழுக, வாயில் கால்விரலை வைத்துக்கொண்டிருக்கும், எல்லாப் பிள்ளையும் போல. அந்த நாட்களில் ஜெனிட்டா அதைப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் பாவம், பார்த்தாள், ஆனால் உள்ளங்காலைத்தான் பார்த்தாள், சூடா, சில்லிப்பா, நாளைக்குப் பெரிதா, சின்னதா என்று.

கேமரா ஆசை வந்தது அப்படித்தான். கையிலிருந்த போன் பெரிய நாளில் ஒரு மூக்குத் துவாரத்துக்கு மேல் எடுக்கவில்லை, சின்ன நாளில் ஒரு மங்கல் புள்ளியைத் தந்தது. பிள்ளை வளர்வதைப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று வெளியே சொன்னாள். உள்ளே வேறு கணக்கு இருந்தது. சின்ன நாளில் பிள்ளை போன தடவையைவிட இந்தத் தடவை இன்னும் சின்னதாக இருக்கிறதோ என்று ஒரு சந்தேகம் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அப்படிக் குறைந்துகொண்டே போனால் ஒரு காலையில் தொட்டிலின் அடிமடிப்பில் எந்தக் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று நினைத்தாள்.

கஸ்பார் ஸ்டுடியோவில் கேமராக்களெல்லாம் கண்ணாடி அலமாரியில் இருக்காது. உப்புக் காற்று லென்சில் பூஞ்சை கட்டிவிடும் என்று கஸ்பார் அண்ணன் அவற்றைக் காற்றுப் புகாத அரிசி டிரம்மில், செருப்பு டப்பாக்களிலிருந்து சேர்த்து வைத்த ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு, கருவாடு மாதிரி அடுக்கி வைத்திருந்தார்.

"மூணு பாடி இருக்கு, ஜெனி" என்றார் டிரம்முக்குள் தலையை விட்டபடி.

"பிள்ளை இருக்க வீட்டுக்காரிகிட்ட அந்த வார்த்தையச் சொல்லாதீங்கண்ணே."

"சரி, மூணு உடம்பு. லென்ச எப்பவும் மாத்திக்கிடலாம் தங்கச்சி, உடம்பத்தான் யோசிச்சு எடுக்கணும்." அவர் முதலாவதை மேசையில் வைத்தார். மேசை முனகிற்று. "இது பெரிய சென்சார், அதான் உள்ள படம் விழுற தகடு. மலை, கடல், மேகம் எல்லாத்துக்கும் இதுதான். படத்தச் சுவரளவுக்குப் பெருசாக்கினாலும் மயிர எண்ணலாம். ஆனா கனம், நிதானம், நிக்க வச்சுதான் எடுக்கணும்." இரண்டாவது உள்ளங்கைக்குள் அடங்கியது. "இது சின்ன சென்சார். சின்னதுன்னு எளக்காரமா நெனைக்காத. ரொம்பக் கிட்டத்துல போனா தெளிவா இருக்க எடம் நூலளவுதான், மூக்கு தெரிஞ்சா காது மங்கிரும். இது தானா முப்பது படம் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் தெளிவா இருக்கறதப் பொறுக்கி ஒண்ணா அடுக்கித் தரும். எறும்போட மீசைய எடுக்கலாம்."

"மூணாவது?"

"அது வீட்டுக் கேமரா. பெருமையா சொல்ல ஒண்ணும் கெடையாது. கண்ணு எங்க இருந்தாலும் மஞ்சக் கட்டம் போட்டுத் தேடிப் பிடிக்கும், பிள்ளை திரும்பினாலும் விடாது. தோல் நிறம் தோல் நிறமா வரும்."

"வீட்டுப் படத்துக்கு என்னண்ணே அவசரம்" என்றாள் ஜெனிட்டா.

காலில் போட்டுப் பார்க்காமல் செருப்பு வாங்க மாட்டோம், கேமராவை மட்டும் ஏன் வாங்க வேண்டும் என்பது கஸ்பாரின் கொள்கை. மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்து, உயிர்த்த ஞாயிறுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைக் கொண்டு வா என்றார். பை வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே செய்தி வந்திருந்தது. உப்பளத்துப் பெண்களெல்லாம் பெரிய கேமரா கட்சி, ஏனென்றால் அதில்தான் அவர்களும் படத்தில் வருவார்கள். தெருக்காரர்கள் சின்ன கேமரா கட்சி, ஏனென்றால் இத்தனை நாள் ஃபேன் இல்லாமல் வேர்த்ததற்கு அந்தப் பிள்ளை எப்படித்தான் இருக்கிறது என்று அவர்கள் ஒரு தடவையாவது சரியாகப் பார்த்ததில்லை. மூன்றாவது கட்சியில் வால்டர் ஒருவன்தான் இருந்தான்.

"சாதாரண நாள்ல பாக்க என்ன இருக்கு?" என்றாள் ஜெனிட்டா.

"சாதாரண நாள்லதாம்ளா அது நம்ம பிள்ளை மாதிரி இருக்கு."

"நீங்க கிரேன் மேல இருந்து எல்லாத்தையும் பாத்துப் பாத்து, எது சின்னதாப் போனாலும் ஒண்ணும் தெரியமாட்டேங்குது உங்களுக்கு."

"நீ தரையப் பாத்துப் பாத்து கழுத்து வலின்னு சொல்லுத. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு எடத்துல நின்னு எடுப்போம்னுதான் சொல்லுதேன்." அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை, மூன்றாவது கேமராவைப் பீரோவுக்கு மேல் ஏற்றி வைத்தாள்.

பெரிய கேமராவோடு பெரிய நாள் ஒன்றில் அவள் போனாள். முழுப் பிள்ளையும் படத்துக்குள் வர வேண்டுமானால் அரை மைல் பின்னால் போக வேண்டியிருந்தது. படம் வந்தது, அப்படி ஒரு படம் உப்பளத்தில் யாரும் எடுத்ததில்லை, நீல வானமும் வெள்ளைத் தரையும் நடுவில் பந்தல் துணி கட்டிய பிள்ளையும், பெரிதாக்கினால் முழங்கால் மடிப்பில் பேச்சித்தாய் வெற்றிலை மடிப்பதும் தெரிந்தது. ஆனால் அரை மைல் தூரத்தில் பிள்ளை அவளைத் தேடி முகத்தைச் சுழித்தபோது பாத்தி வரப்புகளைச் சுற்றி ஓடிவரப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. "காலண்டர்ல இருக்க பிள்ளையப் பாத்த மாதிரி இருந்துச்சு" என்று அவள் சொன்னதும் உப்பளக் கட்சி தோற்றுப்போனது.

சின்ன கேமராவுக்கு அவள் ஒரு தட்டில் கூம்பு மாதிரி இருக்கும் மக்ரூன் பலகாரம் ஒன்றை வைத்து, அதன் உச்சியில் பிள்ளையை உட்கார வைத்து, பக்கத்தில் பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த ஆறு அங்குல ஸ்கேலை வைத்தாள். முப்பது படம் ஒரு படமாக அடுக்கிக்கொண்டு வந்தபோது அவள் திரையை மூக்கோடு ஒட்டிப் பார்த்தாள். கண்ணிமை மயிர் தெரிந்தது. நகம் தெரிந்தது. ஒரு சர்க்கரைத் துகளை அமலி இரண்டு கையாலும் பாறாங்கல் மாதிரி அணைத்துப் பிடித்து நக்கிக்கொண்டிருந்தாள். தெருவே வரிசையில் வந்து அந்தப் படத்தைப் பார்த்தது. ஸ்டெல்லா மதினி, "இந்தப் பிள்ளைக்காவ நான் மூச்சு முட்டிச் செத்தாலும் பரவால்ல" என்றாள். ஜெனிட்டா எல்லோரும் போன பிறகு ஸ்கேலைப் பார்த்து எழுதி வைத்தாள்: ஆறு மில்லிமீட்டர். அடுத்த சின்ன நாளில் ஐந்தரை. அதற்கடுத்த நாளில் ஐந்து. அதற்கும் அடுத்து நாலரை. பயத்துக்கு அதுவரை உருவம் இல்லாமல் இருந்தது, இப்போது நம்பர் வந்துவிட்டது. இதைத்தான் வைத்துக்கொள்கிறேன் என்று கஸ்பாருக்குச் சொல்லி அனுப்பினாள்.

பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை தொட்டில் வெறுமையாகத் தொங்கிற்று. அடிமடிப்பில் பிள்ளை இல்லை. துணியை விரித்தாள், உதறவில்லை, உதறுவதற்குக் கை வரவில்லை. சின்ன கேமராவை வைத்து நூல் நூலாகப் பார்த்தாள், நூல்தான் இருந்தது. அவள் போய் வாளியைக் கவிழ்த்த விதத்திலேயே தெருவுக்குப் புரிந்துவிட்டது. பூனைகள் கட்டப்பட்டன, ஃபேன்கள் நின்றன, போன்கள் அணைந்தன, பிறகு ஒருவரும் சொல்லாமலே எழுபது பேர் வாசலிலும் அடுக்களையிலும் சாக்கடை ஓரத்திலும் குப்புறப் படுத்துத் தரையைத் தேட ஆரம்பித்தார்கள். கஸ்பார் அண்ணன் கடையில் இருந்த பூதக்கண்ணாடியை எல்லாம் கொண்டுவந்து பங்கிட்டார். ஜெனிட்டா கேமராவைத் தரையோடு தரையாக நகர்த்திக்கொண்டே போனாள். எறும்பின் மீசை தெரிந்தது. உடைந்த அரிசி தெரிந்தது. தூசிக்குள் இத்தனை நிறம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளையைக் காணவில்லை. 'மூணரை ஆயிருக்கும், இல்லாட்டி மூணு, இல்லாட்டி ஒண்ணு' என்று அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, நடுவில் நடுவில் மரியே என்றும்.

அன்றைக்குத் தெருவில் வெயில் விழவே இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. காற்று ஒரு தரம் கடலிலிருந்து வீசி, மறுதரம் கடலை நோக்கி வீசி, நிதானமாகப் போய்ப் போய் வந்ததும் உறைக்கவில்லை. ஊரெல்லாம் பால் வாசனை அடித்தது, அதையும் தேடுகிற பிள்ளையின் வாசனை என்றே எடுத்துக்கொண்டார்கள். வாளி கவிழ்ந்தால் குனிய வேண்டும். குனிந்தவர்கள் நிமிரவில்லை.

மத்தியானம் வால்டர் துறைமுகத்திலிருந்து ஓடிவந்தான். போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான், எழுபது போனும் அணைந்திருந்தன. தெருமுனையில் வாளியைப் பார்த்ததும் கால் தானாக நின்று, கை தானாகச் செருப்பைக் கழற்றி, தலை தானாகக் குனிந்தது; எதற்காக ஓடிவந்தானோ அதை அவனே மறந்தவன் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்து, குப்புறக் கிடந்த பெண்டாட்டியின் தோளைத் தொட்டு, மெதுவாகச் சொன்னான்.

"ஜெனி. மேல பாரு."

வானம் என்று அவர்கள் முதுகில் சுமந்துகொண்டிருந்தது வானம் இல்லை, அமலியின் மோவாய்க்குக் கீழே இருக்கும் சதை மடிப்பு. ஒரு முழங்கால் துறைமுகத்துக்கு அப்பால் கடலில் இருந்தது, ஒரு முழங்கால் உப்பளத்துக்கு அப்பால். நடுவே ஊர், விளையாட்டுச் சாமான் மாதிரி. இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து அது தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது, இத்தனை தலையில் ஒரு தலையாவது நிமிராதா என்று. கீழ் உதடு பிதுங்க ஆரம்பித்திருந்தது. அந்த உதடு பிதுங்கினால் அடுத்து என்ன வரும் என்று ஜெனிட்டாவுக்குத் தெரியும்; பத்து எண்ணுவதற்குள் அழுகை வரும், ஒரு சொட்டுக் கண்ணீருக்குத் தெரு தாங்காது, தூக்கச் சொல்லிக் கையை நீட்டினால் ஊரே தாங்காது.

அவள் கையிலிருந்த சின்ன கேமராவைத் தூக்கிப் பார்த்தாள், அதில் ஒரு வேர்வைத் துவாரம் தெரிந்தது. "பெருச எடுத்துட்டு வாரேன்" என்று கஸ்பார் எழுந்தார். "எங்க பின்னால போய் நின்னு எடுப்பீங்க, கொழும்புலயா?" என்றாள் ஸ்டெல்லா மதினி, தரையில் கிடந்தபடியே. வால்டர் வீட்டுக்குள் போய்ப் பீரோவுக்கு மேலிருந்து மூன்றாவதை இறக்கிக்கொண்டுவந்து பெண்டாட்டி கையில் வைத்தான்.

மஞ்சள் கட்டம் முதலில் அலைந்தது. மேகம் மேகமாகக் கன்னத்தில் அலைந்தது, மூக்கின் சரிவில் ஏறி இறங்கிற்று, ஓரிடத்தில் நின்று, துடித்து, பிடித்துக்கொண்டது. கண். பெரிய கண் என்றோ சின்னக் கண் என்றோ அந்தக் கட்டத்துக்குச் சொல்லத் தெரியாது. கண் என்று மட்டும் தெரியும். ஜெனிட்டா அந்தச் சின்னத் திரையில், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, காலும் அளவும் இல்லாமல், தன்னைத் தேடுகிற கண்ணை மட்டும் பார்த்தாள். பயம் போய்விடவில்லை. பயத்தோடேயே, எல்லா வீட்டிலும் பிள்ளையைப் படம் எடுக்கும்போது செய்வதைச் செய்தாள், நாக்கை நீட்டினாள், வால்டரின் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஆட்டினாள்.

"அமலிக்குட்டி, இங்க பாரு, அம்மா எங்க? அம்மா எங்க? இந்தா இருக்கேன் பாரு."

தெருவுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுபது பேரும் எழுந்து தலையை நிமிர்த்தி, ஒருத்தி டம்ளரில் கரண்டியைத் தட்ட, ஒருவர் கிளி மாதிரிக் கத்த, கஸ்பார் அண்ணன் தோளில் இருந்த துண்டால் முகத்தை மூடி மூடித் திறக்க, சாமியார் வந்த வேகத்தில் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தார். மேலே அந்தக் கண் அலைந்து அலைந்து வந்து அவளைப் பிடித்தது. உதடு பிதுங்கினது பிதுங்கினபடி ஒரு கணம் யோசித்தது. பிறகு சிரித்தது.

ஜெனிட்டா பொத்தானை அழுத்தினாள். அடுத்து அவள் இடுப்பில் ஏழு கிலோ அறுநூறு கிராம் இருந்தது, ஈரமாக, சாவிக்கொத்துக்கு எக்கிக்கொண்டு. தெருவில் வெயில் விழுந்தது. யாரோ போய் ஃபேனைப் போட்டார்கள்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நாள் அவள் இரண்டு கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கஸ்பார் சின்ன கேமராவில் இருந்த மக்ரூன் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து பார்த்தார்.

"தங்கச்சி, இந்த ஸ்கேலு. ஒவ்வொரு தடவையும் பிள்ளைய விட்டுத் தள்ளித் தள்ளி வச்சிருக்க."

"அதோட ஓரம் கூர்மையா இருக்கும்ணே. பிள்ளை மேல பட்டுரும்னு."

"தள்ளுனது லென்சு பக்கமா தள்ளிருக்க. இவ்வளவு கிட்டத்துல எடுக்கும்போது முன்னால வந்த பொருள் பெருசாத் தெரியும், பின்னால இருக்கது சின்னதாத் தெரியும். பிள்ளை அப்படியேதான் இருக்கு. ஆறுன்னா ஆறுதான். நீதான் ஸ்கேல வளத்திருக்க."

ஜெனிட்டா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று கஸ்பாருக்குத் தெரியவில்லை, அவர் டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"அப்ப வீட்டுக் கேமராவ வச்சிக்கிடுத" என்றார் உள்ளேயிருந்து. "சின்ன நாளுக்கு என்ன செய்வ?"

"கையில வச்சிக்கிடுவேன்."

"பெரிய நாளுக்கு?"

"மேல ஏறி உக்காந்துக்கிடுவேன்."

சின்ன நாளும் பெரிய நாளும் நிற்கவில்லை. வாளியும் இருக்கிறது; ஆனால் கால்மணிக்கு ஒரு தரம் எல்லோரும் தலையை நிமிர்த்தி ஒரு தடவை மேலே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வீட்டுக் கேமராவில் குப்புற விழுந்த பிள்ளை, காலைக் கடிக்கிற பிள்ளை, கூழை மூஞ்சியில் அப்பிக்கொண்ட பிள்ளை என்று நானூறு படம் சேர்ந்துவிட்டது, பாதி அசைந்த படம், ஒன்றையும் அழிக்க அவள் சம்மதிக்கவில்லை. முதல் படத்தில் பிள்ளையின் சிரிப்பும் சாமியாரின் ஒரு காலும் இருக்கின்றன.

உயிர்ப்பு முடிந்து இரண்டாம் வாரம் ஒரு பெரிய நாள் வந்தது. அன்றைக்கு ஜெனிட்டா அரை மைல் தள்ளி நிற்கவில்லை. உப்பளத்துப் பெண்கள் கையைக் கோத்துப் படி கட்டி ஏற்றிவிட, பந்தல் துணியின் சுருக்கத்தைப் பிடித்துப் பிடித்து ஏறி, பிள்ளையின் முழங்கால் மேல் போய் உட்கார்ந்தாள். தோல் இளஞ்சூடாக இருந்தது. கீழே எங்கோ நிதானமாக ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது, மில் ஓடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் பாட்டுப் பாடினாள். பாட்டு பாதியில் நின்றது. எட்டு மாதமாகக் கோழித் தூக்கம் தூங்கிய பெண், பட்டப்பகலில், கடல்காற்றில், வாயைத் திறந்து, கையை விரித்துப் போட்டுத் தூங்கிப்போனாள்.

உச்சிவெயில் அவள் முகத்தில் விழுந்தது. அமலி குனிந்து பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஓரிடத்தில் கை வைக்காத பிள்ளை, வலது கையைக் கொண்டுவந்து, தொடாமல், அவளுக்கு மேலே குடை மாதிரி விரித்து வைத்துக்கொண்டது. அதோடு கீழே பாத்தியில் விழுந்துகொண்டிருந்த நிழலெல்லாம் விலகிப் பெண்கள் வெயிலுக்கு வந்தார்கள். "எழுப்பட்டுமாக்கா?" என்றாள் புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி. "எழுப்பினா, கைய ஒடிச்சிருவேன்" என்றாள் பேச்சித்தாய், தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உப்பை வாரினாள்.

வெயில் நகர்ந்தது. பிள்ளை கையை நகர்த்தியது. நாலு மணி வரைக்கும் வெயில் நகர நகரப் பிள்ளை தன் கையை நகர்த்திக்கொண்டே இருந்தது.